சலித்த மணல்

மணலைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரும்புலியூரில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி முப்பது வருஷமாக மணல், ஜல்லி, செங்கல், டைல்ஸ் என்று கட்டடச் சாமான் விற்கிறவன் நான். ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் வண்டல் எவ்வளவு என்று சொல்லிவிடுவேன். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, மணலைப் போட்டுக் கலக்கி, எவ்வளவு சேறு மிதக்கிறது என்று பார்ப்பதெல்லாம் இன்ஜினீயர்களின் திருப்திக்காக. உப்பு இருக்கிறதா என்று தெரிய மட்டும் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைப்பேன். கடல் மணலைக் கலந்து விற்கிறவன் அதில் மாட்டிக்கொள்வான். பார்த்துவிட்டுத் துப்பிவிடுவேன்.

இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்தப் பெருமைதான் என்னைக் கவிழ்த்தது. என் மகள் என்னை நம்பி விட்டுவிட்டுப் போன ஒரு சின்ன உயிரை, எனக்கு நன்றாகத் தெரிந்த அந்த மணலைக் கொண்டே சாகக் கிடத்தினேன்.

மகள் எங்களுக்கு ஒரே பிள்ளை. காலேஜ் கடைசி வருஷத்தில் ஒரு நாள் சாயங்காலம் ஒரு கண்ணாடிப் பெட்டியை ஆட்டோவில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். கூடப் படித்த பெண் வெளிநாடு போகிறாளாம், தான் வளர்த்த பிராணியை இவளிடம் கொடுத்துவிட்டாளாம். எட்டிப் பார்த்த என் மனைவி, "யா அல்லாஹ், ஓணான்!" என்று கத்திவிட்டுச் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஓணான் இல்லையாம். ஆஸ்திரேலியாவின் வறண்ட பாலை நிலத்துப் பல்லியாம், தாடி டிராகன் என்று பெயராம். அரசாங்கத்தில் பதிவு செய்த காகிதத்தைக்கூடக் காட்டினாள். எனக்கென்னவோ தலையும் ஓணான், வாலும் ஓணான், முறைத்துப் பார்க்கிற பார்வையும் ஓணானாகத்தான் தெரிந்தது. சின்ன வயசில் ஓணானைக் கண்டால் கல்லெடுக்காமல் நாங்கள் நகர்ந்ததில்லை. அதற்கு இந்துப் பையன்களிடம் ஒரு கதை இருந்தது, எங்களிடம் ஒரு கதை இருந்தது. கதை வேறு வேறு. கல் மட்டும் சேர்ந்துதான் பறக்கும்.

"வேலியில போற ஓணானை எடுத்து மடியில கட்டிக்கிட்ட கதையா இல்ல இருக்கு" என்றேன்.

"இது வேலியையே பார்த்ததில்ல அத்தா. பொறந்ததே பெட்டிக்குள்ளதான்."

பெட்டியின் ஒரு மூலையில் சூடு தருகிற பல்பு, அதன் கீழே ஒரு மரக்கட்டை. தரையில் சமையலறையில் கை துடைக்கிற டிஷ்யூ பேப்பரை விரித்திருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏம்மா, பாலைவனத்துல எவன் டிஷ்யூ பேப்பர் விரிச்சு வெச்சிருக்கான்?"

"கீழ விரிக்கிறதுக்கு சப்ஸ்ட்ரேட்னு பேரு அத்தா. மத்த எதுல தப்பு பண்ணாலும் சரி பண்ணிக்கலாம். இதுல தப்பு பண்ணா செத்தே போயிடும்."

"நாங்க அதை பெட்னு சொல்வோம். டைல்ஸ் ஒட்டறதுக்கு முன்னாடி மணல்ல பெட் போடுவோம்."

"உங்க பெட் வேற, இது வேற" என்று அவளும் சிரித்தாள். அப்போதெல்லாம் எங்கள் வீட்டில் சிரிப்பு இருந்தது.

அவள் அதற்கு ஏதோ இங்கிலீஷ் பெயர் வைத்திருந்தாள். போட்டோவைப் பார்த்த என் மணல் யார்டு ஆட்கள், தாடியைக் கண்டதும் "இதுவும் நம்ம பாய்தான்" என்றார்கள். அந்தப் பெயரே நின்றுவிட்டது. கோபம் வந்தால் அதன் தாடைக்குக் கீழே உள்ள முள்ளெல்லாம் விரிந்து கன்னங்கரேல் என்று ஆகிவிடும். "ரெண்டு பாயும் ஒண்ணுதான். அதுக்குத் தாடி கறுக்குது, இவருக்கு மூஞ்சி கறுக்குது" என்பாள் என் மனைவி. மூன்று மாதத்துக்குப் பிறகும் அவள் அந்தப் பெட்டிக்கு இரண்டடி தள்ளி நின்றுதான் பேசுவாள்.

அடுத்த வருஷம் மகளுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. நான் வேண்டாம் என்றேன். பழைய மகாபலிபுரம் ரோடு முழுக்க ஐ.டி. கம்பெனியாக இருக்கும்போது பெங்களூர் எதற்கு? அவள் காரணங்கள் சொன்னாள். நான் கேட்கவில்லை. காதில் விழவில்லை என்று இல்லை. அவள் வாயைத் திறக்கும்போதே என்னிடம் பதில் தயாராக இருக்கும், அதனால் அவள் சொல்வதற்கு உள்ளே இடமே இருக்காது. ஒரு நாள் மதியச் சாப்பாட்டின்போது "உனக்கு என்ன தெரியும்?" என்று ஆரம்பித்து, ஒரு தகப்பன் சொல்லக் கூடாத ஒன்றைச் சொல்லிவிட்டேன். அதை இங்கே எழுதப் போவதில்லை. அவள் தட்டில் இருந்த சோற்றைக் கடைசிப் பருக்கை வரைக்கும் சாப்பிட்டு முடித்துவிட்டு எழுந்துபோனாள். அதற்குப் பிறகு பல வாரம் என்னிடம் பேசவில்லை. தேவையானதை அம்மாவிடம் சொல்வாள், அம்மா என்னிடம் சொல்வாள்.

பெங்களூருக்குப் போவது முடிவாகிவிட்டது. அங்கே தங்கப்போகிற பெண்கள் விடுதியில் பல்லியை அனுமதிக்க மாட்டார்கள். என் மனைவி அதைத் தொட மாட்டாள். மிச்சம் இருந்தது நான்தான். வேறு வழியில்லாமல் என்னிடம் பேச ஆரம்பித்தாள். ஒரு வாரம் முழுக்க முருங்கைக் கீரையை எப்படிக் கிள்ளுவது, பூசணியை எப்படித் துருவுவது, டப்பாவில் வருகிற சுவர்க்கோழிப் பூச்சிகளை எப்படிக் கொடுப்பது, பல்பை எத்தனை மணிக்கு அணைப்பது என்று சொல்லிக்கொடுத்தாள். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் பக்கவாட்டுக் கண்ணாடியில் ஒட்டினாள். கடைசி வரி: மணல் வேண்டாம். அதற்குக் கீழே இரண்டு கோடு.

கிளம்புகிற அன்று வாசலில் நின்று இன்னொரு தடவை சொன்னாள்.

"அத்தா, வேற எதை வேணா உங்க இஷ்டத்துக்குப் பண்ணுங்க. மணல் மட்டும் போட்டுடாதீங்க."

"சரிம்மா" என்றேன்.

தினமும் காலையில் யார்டுக்குக் கிளம்பும் முன்பு பாயைப் போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்புவேன். முதலில் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வரும். கொஞ்ச நாளில் "சாப்பிட்டுச்சா?" என்று வந்தது. பிறகு "நீங்க சாப்பிட்டீங்களா?" என்றும் வந்தது. அந்த வார்த்தையை நான் எத்தனை தடவை எடுத்துப் பார்த்தேன் என்று சொன்னால் என் மனைவியே நம்ப மாட்டாள். எனக்கும் என் மகளுக்கும் நடுவில் இருந்த ஒரே பேச்சு அந்தப் பல்லிதான். அது எனக்குத் தெரிந்தே இருந்தது.

பாயையும் எனக்குப் பிடித்துப்போயிற்று. நான் பெட்டிக்கு அருகே போனால் முன்னங்காலைத் தூக்கி மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றும். பார்க்கிறவர்களுக்கு சலாம் சொல்வதுபோல இருக்கும். உண்மையில் அது 'என்னை ஒன்றும் செய்துவிடாதே' என்று பணிந்துபோகிற சைகையாம். இதைப் பின்னால் டாக்டர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

டிசம்பர் கடைசியில் நான்கு நாள் லீவில் வருகிறேன் என்று மகள் அம்மாவிடம் சொன்னாள். போன பிறகு முதல் வருகை. எனக்குக் கை பரபரத்தது. பிரியாணிக்குச் சொல்வது, மருதாணி வாங்குவது எல்லாம் அவள் அம்மாவின் பாடு. என் பங்குக்கு நான் என்ன செய்வது?

வீட்டுப் பின்பக்கம் எட்டு மூட்டை ஆற்று மணல் வைத்திருந்தேன். இப்போது எல்லாமே எம் சாண்ட்தான், பாறையை உடைத்துச் செய்கிற மணல். நல்ல ஆற்று மணல் கண்ணில் படுவதே அபூர்வம். மாடியில் மகளுக்கு ஒரு அறை கட்டும்போது சுவர்ப் பூச்சுக்கு வேண்டும் என்று, தார்ப்பாய் போட்டு மூடிப் பல வருஷமாகக் காப்பாற்றிவந்த மணல் அது. கேட்டவர்களுக்கெல்லாம் இல்லை என்று சொல்லியிருக்கிறேன். சொந்த மச்சானுக்கே கொடுக்கவில்லை.

அதில் ஒரு மூட்டையைப் பிரித்தேன். மூன்று தண்ணீர் விட்டுக் கழுவினேன். மொட்டை மாடியில் காயவைத்து, பூச்சு வேலைக்குச் சலிக்கிற வலையில் ஒரு தடவை, மாவு சலிக்கிற சல்லடையில் ஒரு தடவை சலித்தேன். சல்லடை போனதற்கு என் மனைவி இரண்டு நாள் புலம்பினாள்.

எழுதி ஒட்டியிருந்த தாளைப் படிக்காமலா செய்தேன்? தினமும் படித்தேன். படிக்கப் படிக்க எரிச்சல்தான் வந்தது. மணல்காரன் வீட்டிலேயே 'மணல் வேண்டாம்' என்று போர்டு! அவள் எம் சாண்டை நினைத்து எழுதியிருப்பாள், அதன் முனையெல்லாம் கூர், கீறிவிடும். அல்லது கடற்கரை மணலை நினைத்திருப்பாள், அது உப்பு. கழுவிச் சலித்த ஆற்று மணலை அவள் எங்கே பார்த்தாள், பாவம். இப்படி அவள் எழுதிய இரண்டே வார்த்தைக்கு நானே பொழிப்புரை எழுதிக்கொண்டேன். அவள் பார்த்து அசந்துபோக வேண்டும் என்று ஆசைப்பட்டது நிஜம். மணலைப் பற்றி எனக்கே சொல்கிறாளா என்று உள்ளுக்குள் குமைந்ததும் நிஜம். எது முதலில் வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

மூன்று விரற்கடை உயரத்துக்கு மணலைப் பரப்பிப் பாயை இறக்கிவிட்டேன். பொன்னிற மணலில் அது நின்ற அழகு காலண்டர் படத்தில் இருப்பதுபோல இருந்தது. நாக்கை நீட்டி மணலை ஒரு தடவை நக்கிப் பார்த்தது. 'பார்த்தியா, தரம் பாக்குது' என்று எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அன்றிலிருந்து போட்டோ எடுக்கும்போது முகத்தை மட்டும் எடுத்தேன். கீழே இருப்பது தெரியக் கூடாதே. "என்ன அத்தா, க்ளோசப்லாம் எடுக்கிறீங்க!" என்று மகள் சிரிக்கிற பொம்மை ஒன்றைச் சேர்த்து அனுப்பினாள்.

நடுவில் புயல் மழை வந்து இரண்டு நாள் கரண்ட் இல்லை. பல்பு எரியவில்லை, மணல் சில்லிட்டுப்போயிற்று. கரண்ட் வந்த பிறகும் பாய் கட்டையின் மேல் ஏறவில்லை. கீரையை மோந்துவிட்டு விட்டுவிட்டது. மணலில் எச்சத்தையும் காணோம். குளிருக்குச் சுருண்டிருக்கிறது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். மூன்றாம் நாள் காலை அது முன்னங்கால்களால் உடம்பை இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்தேன். பின்னங்கால் இரண்டும் கூடவே இழுபட்டு, மணலில் இரண்டு கோடு விழுந்திருந்தது. எனக்கு அந்தத் தாள்தான் ஞாபகம் வந்தது.

ராஜகீழ்ப்பாக்கத்தில் பறவை, ஆமை, முயல் எல்லாம் பார்க்கிற ஒரு பெண் டாக்டர் இருக்கிறார். பாயைத் துண்டில் சுற்றி, அட்டைப் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். கிளினிக் வாசலில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் தொங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் பாயின் வயிற்றை இரண்டு விரலால் மெதுவாகத் தடவிப் பார்த்துவிட்டு எக்ஸ்ரே எடுத்தார். படத்தில் எலும்புக்கு நடுவே எலும்பைவிட வெள்ளையாக ஒரு திட்டு.

"சார், இதுக்குக் கீழ என்ன போட்டிருக்கீங்க?"

"மணல். நல்ல மணல் டாக்டர், ஆத்து மணல். மூணு தடவை கழுவி, ரெண்டு தடவை சலிச்சது."

அவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"சுவத்துக்கு நல்லதுதான் சார். இது குடல். சாப்பாட்டோட கொஞ்சம் கொஞ்சமா போய் அடைச்சுக்கிட்டிருக்கு. சூடு இருந்தாத்தான் இதுங்களுக்கு ஜீரணமே ஆகும். ரெண்டு நாள் பல்பு இல்லாதது வேற சேர்ந்துகிச்சு. அடைச்சது முதுகு நரம்பை அழுத்துது, அதான் கால் வரல."

"பாலைவனத்துப் பிராணிதானே டாக்டர்?" என்றேன். என் குரல் எனக்கே நன்றாக இல்லை.

"பாலைவனம்னா நாம சினிமால வர்ற மணல் மேட்டை நினைச்சுக்கறோம். இதோட ஊர்ல தரை இறுகிக் கிடக்கும் சார். களிமண்ணு, கல்லு, அங்கங்கதான் மணல். அதுவும் இதுக்கு நாக்குதான் கை மாதிரி. புது இடத்துல எதைப் பார்த்தாலும் நக்கித்தான் பார்க்கும்."

நானும் அப்படித்தான் பார்ப்பேன் டாக்டர் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. நான் துப்பிவிடுவேன். அதற்குத் துப்பத் தெரியாது.

ஊசி வழியாகத் திரவம் ஏற்றினார். வாயில் விட ஒரு மருந்து கொடுத்தார். தினமும் இரண்டு வேளை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து, வயிற்றை வால் பக்கமாக நீவிவிடச் சொன்னார். "வீட்டுல இருக்குன்னு விளக்கெண்ணெய் எதையும் ஊத்திடாதீங்க. அஞ்சு நாள் பார்ப்போம். உறுதியா எதுவும் சொல்ல முடியாது" என்றார். கடைசியாக, "இது உங்களோடதா சார்?" என்று கேட்டார்.

"என் பொண்ணோடது."

"அவங்களுக்குத் தெரியுமா?"

"சொல்லணும்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

அன்றைக்குச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து மணலை அள்ளி வெளியே கொட்டினேன், டிஷ்யூ பேப்பரை விரித்தேன். மறுநாள் காலை பழைய போட்டோ ஒன்றைத் தேடி எடுத்து அனுப்பினேன். இந்த வயதில், பெற்ற பிள்ளையிடம், பல்லிப் படத்தை வைத்துப் பொய் சொன்னேன். அரைமணி நேரத்தில் பதில் வந்தது: "அத்தா, இது போன மாசம் அனுப்பினது. வாயோரம் பூசணித் துருவல் ஒட்டியிருக்கு பாருங்க. பாய்க்கு என்ன ஆச்சு?"

போன் செய்தேன்.

"மணல் போட்டேம்மா" என்றேன்.

அவளுக்குப் பின்னால் ஆபீஸ் சத்தம் கேட்டது. "எந்த மணல்?" என்றாள்.

"உன் ரூமுக்குன்னு வெச்சிருந்தது."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது, போன் கட்டாயிற்று. லீவுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது, ஆனால் மறுநாளே வருகிறாள் என்று அவள் அம்மா வந்து சொன்னாள்.

அவள் வருவதற்குள் அந்தத் தரையையாவது ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று எனக்கு வெறி பிடித்ததுபோல ஆயிற்று. டிஷ்யூ அதன் நகத்தில் மாட்டிச் சுருண்டது, கால் வராத பிராணிக்கு ஊன்றிக்கொள்ளப் பிடி இல்லை. செல்லப் பிராணிகள் விற்கிற கடையில் கேட்டேன். "இது கால்சியம் மணல் பாய், முழுங்கினாலும் கரைஞ்சிடும்" என்று கலர் மணல் பாக்கெட்டை நீட்டினான். இந்த முறை நானாக முடிவு செய்யவில்லை, அங்கிருந்தே டாக்டருக்குப் போன் போட்டேன். "அதுவும் அடைக்கும் சார், வேண்டாம்" என்றார். பச்சைக் கம்பளம்? நூல் பிரிந்து விரலில் சுற்றிக்கொள்ளும். தேங்காய் நார்த்தூள்? அதுவும் உதிரி, வாய்க்குள் போகும். "இப்போதைக்கு உதிரியா எதுவும் வேண்டாம். கெட்டியா, சொரசொரப்பா, துடைக்கிற மாதிரி ஏதாவது" என்றார் டாக்டர்.

கெட்டியாக, சொரசொரப்பாக. யார்டில் நூறு வகை டைல் அடுக்கியிருக்கிறது. இத்தனை வருஷமாக டைல் வழுக்குமா என்பதைச் செருப்புக் காலால்தான் தேய்த்துப் பார்த்திருக்கிறேன். அன்றைக்குக் கீழே உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, விரல் நகத்தால் ஒவ்வொன்றையும் பிறாண்டிப் பார்த்தேன். பளபளப்பு டைலில் நகம் வழுக்கியது. கடப்பா கல்லில் தூள் உதிர்ந்தது. கார் நிறுத்துகிற இடத்துக்குப் போடுகிற பார்க்கிங் டைலில் நகம் நின்றது. சூட்டையும் அது நன்றாகப் பிடித்துக்கொள்ளும்.

டைல் வெட்டுகிறவர் பெட்டி அளவைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இன்னா பாய், ஓணானுக்குப் பார்க்கிங் டைலா? வண்டி எதுனா வெச்சிகினு கீதா?"

வேறு நாளாக இருந்தால் என் மூஞ்சி கறுத்திருக்கும். "அதுக்குக் கால் வரலப்பா" என்றேன்.

அவர் சிரிப்பு நின்றது. "அப்டியா? குடு பாய், மூலையெல்லாம் நல்லா மழுக்கி வுட்றேன். காலு கீலு கிழிச்சிடப் போவுது" என்று சொல்லி, ஓரத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்துக் கொடுத்தார்.

மறுநாள் காலை தாம்பரம் ஸ்டேஷனில் நின்றேன். மகள் பையை என்னிடம் தரவில்லை. வீட்டுக்கு வந்ததும் கையைக் கழுவிவிட்டு நேராகப் பாயிடம் போனாள். பேசினில் தண்ணீர் எடுத்து முழங்கையை விட்டுச் சூடு பார்த்தாள். ஒரு கையால் அதன் நெஞ்சைத் தாங்கிக்கொண்டு மறுகை விரலால் வயிற்றை நீவினாள். திட்டவே இல்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன், பழைய வீடாகவாவது இருந்திருக்கும். நான்கு நாள் அந்த வீட்டில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் மட்டும்தான். என் மனைவி, இரண்டடி தள்ளி நிற்கிறவள், கடைசி இரண்டு நாள் அருகே வந்து உட்கார்ந்து துண்டைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு தொழுகையிலும் நான் ஒரு ஓணானுக்காக துஆ கேட்டேன். கல்லெடுத்து அடித்த கை அது.

நான்காம் நாள் காலைக் குளியலில் மகள் "அத்தா" என்று கூப்பிட்டாள். வந்த பிறகு முதல் தடவையாக அப்படிக் கூப்பிட்டாள். ஓடிப் போய்ப் பார்த்தேன். பாய்க்கு வயிறு இளகியிருந்தது. அவள் அதைத் துண்டில் எடுத்துக்கொண்டாள். நான் பேசினைப் பார்த்தேன். கழிவு ஒரு ஓரமாக மிதந்தது. அடியில் என் மணல் படிந்திருந்தது, ஒரு ஸ்பூன் இருக்கும். அதற்கு மேலே தண்ணீர் தெளிவாக நின்றது. வண்டல் கொஞ்சம்கூட இல்லை. அவ்வளவு நல்ல மணல்.

அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

"எழுதி ஒட்டியிருந்தேனே அத்தா. படிக்கலையா?" என்று கேட்டாள் மகள்.

"படிச்சேன்."

"அப்புறம் ஏன்?"

"உனக்குத் தெரியாதுன்னு நினைச்சேம்மா."

"எப்பவும் அதானே நினைப்பீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபம் தீர்ந்து, சலித்துப்போன குரல். மணலைச் சலிப்பதற்கும் மனுஷன் சலித்துப்போவதற்கும் ஏன் ஒரே வார்த்தை வைத்தார்கள் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

"மன்னிச்சுக்கோம்மா" என்றேன். என் வாயிலிருந்து அந்த வார்த்தை அந்த வீட்டில் அதற்கு முன் வந்ததில்லை. பாய்க்காக மட்டும் கேட்கவில்லை என்று அவளுக்குப் புரிந்தது. புரிந்தது என்று எனக்கும் தெரிந்தது. அவள் துண்டில் இருந்த பாயின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

பாய் பிழைத்தது. வலது பின்னங்கால் வந்துவிட்டது, இடது கால் முழுசாக வரவில்லை. பெங்களூருக்குத் திரும்பும்போது அதையும் கொண்டுபோகிறேன் என்றாள் மகள். விடுதியை விட்டுவிட்டு, கூட வேலை செய்கிற இரண்டு பெண்களோடு சேர்ந்து வீடு எடுத்திருந்தாள். அவர்களுக்குப் பல்லி இருந்தால் பரவாயில்லையாம். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. பெட்டியைக் காலி செய்தபோது பார்க்கிங் டைலை என்ன செய்யப்போகிறாள் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். கையில் எடுத்தாள், மழுக்கிய மூலைகளை விரலால் தடவினாள், தினத்தாளில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். எனக்கு அது போதும் என்று இருந்தது.

போன பிறகு மூன்று வாரம் ஒன்றும் வரவில்லை. காலையில் யார்டுக்குக் கிளம்பும்போது கை தானாகப் போனை எடுக்கும், படம் எடுக்க எதிரே ஒன்றும் இருக்காது. பிறகு ஒரு நாள் அவளிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. பாய் டைலின் மேல் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. இடது காலை ஒருக்களித்து வைத்திருந்தது. நான் அனுப்பியதுபோல முகம் மட்டும் இல்லை. தலையிலிருந்து வால் வரைக்கும், கீழே டைலின் நான்கு மூலையும் தெரிகிற மாதிரி எடுத்திருந்தாள். அன்றிலிருந்து தினமும் அப்படியே ஒன்று வருகிறது.

பெட்டியின் மறுபாதியில் அவள் இன்னும் பேப்பர்தான் விரித்திருக்கிறாள் என்பதைப் போட்டோவில் பார்த்தேன். மறுநாளே இரண்டாவது டைலை அளவாக வெட்டச் சொல்லி, மூலை மழுக்கி வாங்கிவைத்தேன். பெங்களூர் போகிற லாரிக்காரர் ஒருவரிடம் பேசியும் வைத்தேன். "இன்னொரு டைல் ரெடியா இருக்கு, அனுப்பறேன்" என்று மகளுக்கு எழுதினேன்.

பதில் வந்தது. "ஒண்ணு போதும் அத்தா. அந்தப் பக்கம் பேப்பரே இருக்கட்டும். அனுப்பாதீங்க."

ஏன் வேண்டும் என்பதற்கு என்னிடம் காரணம் இருந்தது. பேப்பர் ஈரமாகும், டைல் துடைக்கச் சுலபம், சூடும் நிற்கும். பாதி எழுதிவிட்டேன். பிறகு அவ்வளவையும் அழித்துவிட்டு, "சரிம்மா" என்று அனுப்பினேன்.

அந்த டைல் யார்டு ஆபீஸ் சுவரில் சாய்ந்து நிற்கிறது. வாங்க வருகிறவர்கள், "இது இன்னா பாய், இத்துனூண்டு?" என்று கேட்கிறார்கள். விற்பதற்கு இல்லை என்கிறேன். அனுப்பவும் இல்லை.